டீச்சர் கேட்ட சத்தம்

பிப்ரவரி 4

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. முழங்கால் மட்டும் காலையில் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, பிறகு வழிக்கு வந்துவிடுகிறது. நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் சுகம்தானே?

நேற்று நீ போனில் பேசியது பாதிதான் புரிந்தது. எங்கள் வீட்டு லைன் சுத்த மோசம். உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. இனி நாம் கடிதமே எழுதிக்கொள்வோம். நீ விடுதியில் தங்கிப் படித்தபோது எழுதினோமே, அதுபோல. எழுத்தில் ஒரு நிதானம் இருக்கிறது.

கீழ்வீட்டுக்காரர் மறுபடி மாடியேறி வந்தார். டிவி சத்தம் அதிகமாம். செய்தி கேட்பது ஒரு குற்றமா? உங்கள் அம்மா இருந்தவரை வாயே திறக்காத மனுஷன், இப்போது அடிக்கடி வந்து நிற்கிறார். தனியாக இருப்பவன் என்றால் எல்லோருக்கும் இளக்காரம்.

விமானப் பயிற்சிப் பள்ளியில் வேலை வழக்கம்போல. போன மாதம் ஒரு சின்னச் சம்பவம். சக்கரம் மடங்கும் விமானம் ஒன்று இருக்கிறதல்லவா, நான்கு பேர் உட்காரும் அந்த வெள்ளை விமானம், அதைச் சக்கரம் இறக்காமலேயே தரையிறக்கிவிட்டார்கள். வயிறு உரசிக்கொண்டே போய் நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மாணவியின் கவனக்குறைவு. முதலாளி காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிட்டார். யார் வழியாவது செய்தி வந்து நீ பயந்துவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

குட்டிக்கு என் முத்தம்.

அப்பா

•

பிப்ரவரி 15

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு மருத்துவரைப் பாருங்கள் என்று சொன்னால் நீங்கள் கேட்கப் போவதில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். குட்டிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அவள் பேசினால் பாதி காற்றாக வருகிறது.

எனக்கு இன்ஜின் பட்டறையில் பதவி கூடியிருக்கிறது. பிரித்துப் பூட்டிய இன்ஜின் எதுவும் இனி என் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. வீட்டிலும் அதே அதிகாரம்தானே நடக்கிறது என்கிறார் உங்கள் மாப்பிள்ளை.

அப்பா, "தரையிறக்கிவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் யார்? அந்த மாணவி தனியாகவா பறந்தார்? பக்கத்தில் ஆசிரியர் இருந்தாரா? நீங்களா?

தொழில்காரியாகவும் கேட்கிறேன். புரொப்பெல்லர் எப்படி வளைந்திருந்தது? தரையில் படும்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததா? இன்ஜினைப் பிரித்துப் பார்த்தார்களா? விவரமாக எழுதுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்

•

மார்ச் 2

அன்பு மகளுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. சளி பிடித்திருந்தது, இப்போது தேவலை. உன் பதவி உயர்வைப் படித்து மனம் குளிர்ந்தது. உங்கள் அம்மா இருந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லியிருப்பாள். நான் கீழ்வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் அதற்கும் டிவியைப் பற்றித்தான் பேசினார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். பக்கத்தில் இருந்தது நான்தான். ஓட்டியவர் டீச்சர். நாங்கள் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறோம். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித் தருகிறவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். நாற்பதை நெருங்கும் வயதில் வந்து சேர்ந்து, சின்ன விமானத்துக்கு லைசென்ஸும் வாங்கிவிட்டார். அடுத்த படிக்காக இப்போது இந்த விமானத்தில் பழகுகிறார்.

அன்று நாங்கள் இறங்க வரும்போது முன்னால் இறங்கிய விமானம் ரன்வேயைவிட்டு விலகாமல் ஊர்ந்துகொண்டிருந்தது. அதனால் மேலே ஏறி ஒரு சுற்று சுற்றி வந்தோம். அந்தச் சுற்றுக்காக மடக்கிய சக்கரத்தை டீச்சர் மறுபடி இறக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். என் கண் முழுக்க ரன்வேயின் மேல். சக்கரம் மடங்கியிருக்கும்போது இறங்குவதற்காக வேகத்தைக் குறைத்தால் ஹாரன் அலறும் என்பது உனக்குத் தெரிந்ததுதான். அன்று அலறவில்லை. அலறியது என்கிறார் டீச்சர். "சத்தம் வந்துச்சு சார். நீங்க ஒண்ணும் சொல்லலையே, அதனால சரின்னு நெனச்சேன்" என்று முதலாளியை வைத்துக்கொண்டே சொன்னார். தப்புச் செய்தவர்கள் இப்படி எதையாவது பிடித்துக்கொள்வது இயல்பு. பிறகு மெக்கானிக் சோதித்தபோது ஹாரன் வேலை செய்தது. அன்றைக்கு ஏதாவது வயர் லூசாக இருந்திருக்கும்.

கடைசி நொடியில் நான் இன்ஜினை நிறுத்திவிட்டேன். புரொப்பெல்லரின் இரண்டு இறக்கைகளும் நுனியில் ஒரே மாதிரி முன்பக்கமாகச் சுருண்டிருந்தன. காய்ந்த இலை சுருளுமே, அப்படி. பார்க்கப் பரிதாபமாக இருந்தது. புது புரொப்பெல்லர் மாட்டியாகிவிட்டது, வயிற்றுத் தகடும் மாற்றியாகிவிட்டது. இன்ஜின் ஓடாதபோது பட்டதால் அதைப் பிரிக்க வேண்டியதில்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். பிரித்தால் விமானம் மாதக்கணக்கில் நிற்கும்.

டீச்சரை முதல் பாடத்திலிருந்து மறுபடி பழகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் அவர் நல்லதுக்குத்தான்.

குளிர் காலம் முடியும்வரை குட்டிக்குக் காதை மூடி அனுப்பு.

அப்பா

•

மார்ச் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

சளி முழுதாக விட்டதா? இங்கே அவருக்கும் பிடித்திருக்கிறது. வீட்டில் தும்மல் கச்சேரி.

போன வருஷம் எங்களிடம் ஒரு இன்ஜின் வந்தது. எண்ணெய் ஒழுகுகிறது என்று அனுப்பியிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால், புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டின் பின்முனையில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கிறதே, அதைப் பிடித்திருக்கும் ஆணி விரிசல் விட்டிருந்தது. விசாரித்தபோதுதான் அந்த விமானம் ஒரு காலத்தில் வயிற்றால் இறங்கியது தெரிந்தது. சுற்றிக்கொண்டிருக்கும் புரொப்பெல்லர் தரையில் மோதினால் அந்த அடி முன்னால் நின்றுவிடாது. தண்டு வழியாகப் பின்முனைவரை போகும். வெளியே எதுவும் தெரியாது. புரொப்பெல்லரை மாற்றி, தகடு போட்டு, பெயின்ட் அடித்துவிட்டால் விமானம் புதுசு. ஸ்டார்ட் செய்தால் தேன் மாதிரி ஓடும். பல மாதம்கூட ஓடும். பிறகு ஒரு நாள் அந்த ஆணி முறியும், வானத்தில் இன்ஜின் பட்டென்று நிற்கும்.

அதனால் யார் என்ன சொன்னாலும் அதை ஒரு முறை பிரித்துப் பார்த்துவிடச் சொல்லுங்கள் அப்பா. மனசுக்கு நிம்மதி.

வேறு விசேஷம் இல்லை. மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

உங்கள் மகள்

•

மார்ச் 20

மகளுக்கு,

சளி போய்விட்டது. மாப்பிள்ளையை வெந்நீரில் ஆவி பிடிக்கச் சொல்.

இன்ஜின் ஓடவில்லை என்று எழுதியிருக்கிறேன். ஓடாத இன்ஜினுக்கு நீ எழுதிய கதை பொருந்தாது. நீ பிறப்பதற்கு முன்பிருந்தே விமானம் ஓட்டுகிறேன். எதை எப்போது நிறுத்தினேன் என்பது எனக்குத் தெரியாதா? பட்டறையில் உட்கார்ந்துகொண்டு எல்லா விமானத்திலும் விரிசல் தேட ஆரம்பித்தால் உலகத்தில் ஒருவரும் பறக்க முடியாது.

கோபத்தில் எழுதவில்லை. இதோடு இந்தப் பேச்சை விட்டுவிடுவோம்.

அப்பா

•

ஏப்ரல் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. தினமும் எழுத நினைப்பேன், ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? வெயில் தாங்குகிறதா?

குட்டிக்கு ஒரு பல் எட்டிப் பார்க்கிறது. பள்ளிக்கூட நாடகத்தில் அவளுக்கு மரம் வேஷம். மரத்துக்கு வசனம் கிடையாது, ஆனால் இவள் நடுவில் பேசிவிட்டாள். முன்னால் நின்ற பையன் வசனத்தை மறந்து முழிக்க, மரம் எடுத்துக் கொடுத்தது. அரங்கமே சிரித்தது. அவளுக்கு அதில் பெருமை தாங்கவில்லை. ஒரு வாரம் வீட்டில் கையை விரித்தபடியே நடந்தாள். சாப்பிடவும் அப்படியே உட்கார்ந்தாள், நான்தான் ஊட்டிவிட வேண்டியிருந்தது. வகுப்பு ஆசிரியை அவளைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னார். கையெழுத்துதான் கோழி கிளறிய மாதிரி இருக்கிறதாம். அது உங்கள் வழி.

சமையலறைக் குழாய் ஒழுகி, ஆள் வந்து சரிசெய்து, மறுநாளே மறுபடி ஒழுகியது. கடைசியில் நானே பிரித்துப் பூட்டினேன். ஜன்னல் திரைகளை மாற்றியிருக்கிறோம், வெளிர் பச்சை.

அந்த விமானம் பறக்கிறதா?

தண்ணீர் நிறையக் குடியுங்கள். வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதீர்கள்.

உங்கள் மகள்

•

மே 8

அன்பு மகளுக்கு,

நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும். இன்று அதற்கு மேல் நலம் விசாரிக்க எனக்கு வரவில்லை.

அந்த விமானம் பறக்கிறதா என்று கேட்டிருந்தாய். போன செவ்வாய் வரை பறந்தது. இப்போது ஹேங்கர் கொட்டகையில் நிற்கிறது.

செவ்வாய்க்கிழமை டீச்சர் முதல் முறையாக அதில் தனியாகப் போவதாக இருந்தது. சம்பவத்துக்குப் பிறகு அவரை என்னிடமிருந்து மாற்றி, வேறொரு ஆசிரியரிடம் விட்டிருந்தார்கள். நான் ஹேங்கர் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மெக்கானிக் பக்கத்தில் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் விமானத்தைச் சுற்றிப் பார்த்து முடித்துவிட்டு, ஏறுவதற்கு முன்னால் நேராக என்னிடம் வந்தார். இத்தனை நாளில் அவர் என்னிடம் பேச வந்தது அதுதான் முதல் தடவை. ஏதோ கேட்டார். பின்னால் இன்னொரு விமானம் ஓடிக்கொண்டிருந்தது. நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். போய்வருகிறேன் என்று சொல்கிறார் என நினைத்தேன். அவர் கொஞ்சம் என் முகத்தையே பார்த்தார். பிறகு போய் ஏறிக்கொண்டார்.

விமானம் கிளம்பி மேலே போன பிறகு மெக்கானிக் கேட்டார்.

"யோசிச்சுத்தான் தலையாட்டினீங்களா சார்?"

எதற்கு என்றேன்.

"அவங்க கேட்டதுக்கு. அன்னைக்கு நெஜமாவே இன்ஜினை நிறுத்திட்டீங்களா, எனக்கு ஓடுன மாதிரிதான் ஞாபகம், நீங்க சொல்லுங்க சார், நான் இதுல தைரியமா போகலாமான்னு கேட்டாங்க."

அம்மாடி, அதில் ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை.

எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. முழுச் செவிடு என்று சொல்ல முடியாது. ஆண்களின் கட்டைக் குரல் கேட்கும், இன்ஜின் கேட்கும், ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்தால் ஹெட்போனில் பிடித்துவிடுவேன். கீச்சென்ற சத்தங்கள்தான் போய்விட்டன. பெண்களின் குரலும் குழந்தைகளின் குரலும் அதோடு போயின. உன் குரலும் அதில் ஒன்று. லைன் மோசம் என்று எழுதியது பொய். வருஷா வருஷம் மருத்துவப் பரிசோதனையில் டாக்டரின் உதட்டைப் பார்த்துச் சமாளித்தேன். பழகிய மனிதர், என்னைச் சந்தேகப்படவில்லை.

அந்த ஹாரன் தலைக்கு மேலே ஒரு சின்ன ஸ்பீக்கரிலிருந்து கீச்சுக் குரலில்தான் வரும். அன்று அது அலறவில்லை என்று நான் சொன்னபோது மனதறிந்து பொய் சொல்லவில்லை. எனக்குக் கேட்கவில்லை, அதனால் இல்லை என்றேன். பொய் மறுநாள் ஆரம்பித்தது. மெக்கானிக் ஹேங்கரில் வைத்து ஹாரனைச் சோதித்தார். முதலாளி, டீச்சர், நான் மூவரும் விமானத்தின் பக்கத்தில் நின்றோம். மெக்கானிக் உள்ளே கையை விட்டு எதையோ தட்டினார். முதலாளி முகத்தைச் சுளித்தார். டீச்சர் என்னைப் பார்த்தார். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அது எப்போது நின்றது என்பதுகூட முதலாளியின் முகம் பழையபடி ஆனதை வைத்துத்தான் தெரிந்தது. "சரி, இப்ப வேலை செய்யுது" என்றேன். இப்ப என்ற அந்த ஒரு சொல்லில் டீச்சரைப் பொய்க்காரி ஆக்கிவிட்டேன்.

இன்ஜினை நான் நிறுத்தவும் இல்லை. நிறுத்த நேரம் எங்கே இருந்தது? அடியில் தகரம் உரசும் சத்தம் வந்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும். இத்தனை வருஷம் ஓட்டியவன், ஒன்றையாவது சரியாகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டேன். மெக்கானிக் என்னிடம் இரண்டு தடவை கேட்டார். சுருண்ட இறக்கையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை முழங்காலை மறந்து ஓடினேன். ரேடியோ அறையில் முதலாளி இருந்தார்.

"அவங்களை உடனே இறங்கச் சொல்லுங்க" என்றேன்.

ஏன் என்று கேட்டார்.

"அன்னைக்கு இன்ஜின் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நான் நிறுத்தல."

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் மைக்கை எடுத்தார். டீச்சர் என்ன பதில் சொன்னார் என்பது எனக்குத் தெரியவில்லை. முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மைக்கைக் கீழே வைத்ததும் வெளியே வந்தேன். விமானம் வளைந்து வந்து ரன்வேக்கு நேரானது. சக்கரங்கள் இறங்கியிருந்தன. இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. டீச்சர் அழகாக இறக்கினார்.

அவர் கீழே வந்ததும் எல்லோர் முன்னாலும் சொன்னேன். "நீங்க கேட்டது எனக்குக் கேக்கல டீச்சர். அன்னைக்கு ஹாரனும் கேக்கல. அது அடிச்சிருக்கு. நீங்க சொன்னதுதான் நெஜம். இன்ஜினும் ஓடுச்சு."

அவர் தன் உதடு எனக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி எதிரே வந்து நின்று கேட்டார்.

"அப்ப எதுக்கு சார் தலையாட்டினீங்க?"



அப்பா

•

மே 15

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று உங்களைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

இரண்டு இறக்கைகளும் ஒரே மாதிரி முன்பக்கமாகச் சுருண்டிருந்தன என்று மார்ச் மாதம் எழுதினீர்கள். நின்றுபோன புரொப்பெல்லர் அப்படிச் சுருளாது அப்பா. ஓர் இறக்கை மட்டும் பின்னால் மடங்கும், இல்லாவிட்டால் ஒன்றுமே ஆகாது. அந்த வரியைப் படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வேறு யாராவது எழுதியிருந்தால் அன்றைக்கே உங்கள் முதலாளிக்குப் போன் போட்டு விமானத்தை நிறுத்தச் சொல்லியிருப்பேன். சம்பளம் வாங்குவதே அதற்குத்தான். நான் உங்களுக்கு ஒரு கதை எழுதி அனுப்பினேன். நீங்கள் கோபித்துக்கொண்டதும் அதைச் சாக்காக வைத்து வாயை மூடிக்கொண்டேன். போன கடிதத்தில் மர வேஷம், குழாய், திரை என்று பக்கம் பக்கமாக எழுதினேனே, எல்லாம் இதை எழுதாமல் இருக்கத்தான். அப்பாவின் பெயர் கெட்டுவிடுமே, லைசென்ஸ் போய்விடுமே என்று நினைத்தேன். அந்த விமானத்தில் யார் ஏறுகிறார்கள் என்று நினைத்துப் பார்க்கவில்லை. அந்த நினைப்பு வந்தாலே வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

காது விஷயமும் அப்படித்தான். குளிர் காலத்தில் ஒரு நாள் குட்டி போனில் உங்களுக்குப் பாடிக் காட்டினாள். முடிந்ததும், "ரொம்ப நல்லா இருக்கும்மா, இங்கேயும் மழைதான்" என்றீர்கள். போனை வைத்துவிட்டு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அதிலிருந்து யாராவது சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், "இங்கேயும் மழைதான்" என்று சொல்வது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைத்தது என்றுதான் நினைக்கிறேன். சிரிப்பது சுலபமாக இருந்தது.

டீச்சரின் விலாசத்தை அனுப்புங்கள். அவருக்கு நான் எழுத வேண்டும்.

உங்கள் மகள்

•

ஜூன் 10

அன்பு மகளுக்கு,

தலைவலி விட்டதா? வேலைக்குப் போகிறாயா? நான் இருக்கிறேன்.

இன்ஜினைப் பிரித்தார்கள். நீ எழுதியிருந்த அதே இடம். பல்சக்கரத்தைப் பிடிக்கும் ஆணி முக்கால் பங்கு அறுந்து, ஒரு ஓரம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. வயிற்றுப் பக்கம் புதுத் தகட்டுக்கு உள்ளே குறுக்குச் சட்டங்களும் நெளிந்திருந்தன. மெக்கானிக் அந்த ஆணியைத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். இத்தனை நாள் அதில் பறந்தவர்களின் முகம் ஒவ்வொன்றாக வந்து போகிறது.

நீ எழுதியதைப் படித்து முதலில் கோபம்தான் வந்தது. என் மானத்தைக் காப்பாற்றச் சொல்லி உன்னை யார் கேட்டார்கள் என்று கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே புரிந்தது. பிப்ரவரியிலிருந்து நான் உனக்கு எழுதிய எல்லாவற்றிலும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன்.

காது டாக்டரிடம் போனேன். ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். எப்போது ஆரம்பிப்பார்கள் என்று காத்திருந்தேன். கதவைத் திறந்து, முடிந்துவிட்டது என்றார்கள். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். முதலாளி என்னைத் திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார், பழைய நாட்களைப் பற்றிப் பேசினார். அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சரின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அவர் கணவர். எனக்கு நாற்காலி போட்டார், மரியாதையாகப் பேசினார். அவருக்கு எதிரிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தவர் பேனாவை மூடி வைத்தார்.

"இவரே என்னை நம்பல சார்" என்று எனக்கு உதடு தெரியும்படி சொன்னார். "அவ்வளவு அனுபவம் உள்ளவர் எதுக்குப் பொய் சொல்லணும்னு கேட்டார். கொஞ்ச நாள்ல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. எனக்குத்தான் இல்லாத சத்தம் கேக்குதோன்னு நெனச்சு, ஒரு நாள் லீவு போட்டுட்டுப் போய் காது டாக்டரைப் பார்த்துட்டு வந்தேன்."

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் எழுந்து நின்றேன், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. மன்னித்துவிட்டேன் என்று டீச்சர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வாசல்வரை வந்து செருப்பைப் போடும்வரை நின்றார்.

அவருக்கு எழுத வேண்டும் என்கிறாய். வேண்டாம். நம் இருவருக்கும் ஆறுதல் சொல்லுகிற வேலையையும் அவர் தலையில் கட்ட வேண்டாம்.

மெக்கானிக் என்னை ஹேங்கருக்கு வந்து கூடமாட உதவச் சொல்கிறார். போகலாமா என்று யோசிக்கிறேன்.

அப்பா

•

ஜூன் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடி டீச்சருக்கு எழுதவில்லை. ஹேங்கருக்குப் போங்கள். வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் முழங்காலும் கெட்டுவிடும்.

தெரிந்தும் நான் பேசாமல் இருந்ததை இங்கே பட்டறையில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று இரண்டு முறை மேலதிகாரியின் அறை வாசல்வரை போனேன். ஒரு முறை அவர் போனில் இருந்தார். இன்னொரு முறை சும்மாதான் இருந்தார். திரும்பி வந்துவிட்டேன். நீங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். எனக்கு அந்தத் தைரியம் இன்னும் வரவில்லை. புது இன்ஜினுக்குக் கையெழுத்துப் போடும்போதெல்லாம் மனம் உறுத்துகிறது.

தாத்தாவுக்குக் காது கேட்காது, அதனால்தான் அன்றைக்கு அப்படிப் பதில் சொன்னார், இனி அதைச் சொல்லிச் சிரிக்கக் கூடாது என்று குட்டியிடம் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப என் பாட்டு நல்லா இருக்குன்னு சொன்னதும் பொய்யா?" என்றாள். ஆமாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. முகம் வாடிவிட்டது.

லீவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

உங்கள் மகள்

•

செப்டம்பர் 2

அன்பு மகளுக்கு,

நீங்கள் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்த கடிதம் வந்தது. வீடு வெறிச்சென்று இருக்கிறது. நீ வாங்கி மாட்டிவிட்ட காது மெஷினைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பேனா காகிதத்தில் உரசுவதுகூடக் கேட்கிறது. வேண்டாத சத்தமெல்லாம் தெளிவாக வருகிறது. மனுஷன் பேசுவதுதான் இன்னும் பாதி பாதியாக வருகிறது. பழகப் பழகச் சரியாகும் என்கிறார்கள்.

ஹேங்கருக்கு ஒழுங்காகப் போகிறேன். துடைப்பது, பிடிப்பது, தள்ளுவது, அவ்வளவுதான் வேலை. அந்த விமானம் வேறு இன்ஜினோடு மறுபடி பறக்கிறது. டீச்சர் பரீட்சையில் தேறிவிட்டார். மெக்கானிக் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டீச்சர் என்னைக் கண்டால் வணக்கம் சொல்வார், அதோடு சரி. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

நேற்று அவர் பறந்துவிட்டு வந்ததும் விமானத்தை உள்ளே தள்ளினோம். அவர் முன்சக்கரத்தில் மாட்டிய கம்பியைப் பிடித்து இழுத்தார். நான் இறக்கைக்குக் கீழே நின்று தள்ளினேன். நடுவில் அவர் நிறுத்திவிட்டு என்னிடம் ஏதோ சொன்னார். வெளியே ஓர் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, காது மெஷினில் அதுதான் நிறைந்திருந்தது. என் தலை பழக்கத்தில் அசையப் போனது. பிடித்து நிறுத்தினேன்.

"கேக்கல டீச்சர். இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார். அப்போதும் கேட்கவில்லை. மெக்கானிக் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார். அந்தப் பக்கம் நின்ற இரண்டு மாணவர்களும் பார்த்தார்கள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

"இன்னும் கேக்கல" என்றேன்.

டீச்சர் கம்பியைக் கீழே வைத்தார். என் பக்கத்தில் வந்து நின்று, நிதானமாக, சத்தமாகச் சொன்னார்.

"காலை எடுங்க சார். சக்கரம் ஏறப் போகுது."

எடுத்தேன். அவர் போய்க் கம்பியைப் பிடித்தார். மறுபடி தள்ளினோம்.

மாப்பிள்ளையையும் குட்டியையும் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா